ஏசாயா கூறாத விடை: தீர்க்கதரிசன முரண்களும் யூத உரைமரபும்

மாறுகொளக் கூறல் நூற்குற்றங்களுள் ஒன்று என்று நன்னூலின் வழி நாம் பயின்றிருக்கிறோம். முன்னர்க் கூறியதற்கு மாறாகப் பின்னர்க் கூறும் ஆசிரியரைக் குறைகூற நமக்கு உரிமை உண்டு. நூல் இறைவனுடையது என்று கொண்டவர்க்கோ அவ்வுரிமை இல்லை. முரணான இரு வசனங்களுள் ஒன்றைத் தள்ளவும் அவர்களால் இயலாது. பிழையெனத் திருத்தவும் இயலாது. யூத உரையாசிரியர்கள் இந்நெருக்கடியை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைத் தீர்க்கதரிசனம் பற்றிய சில வசனங்களைக் கொண்டு இவண் காண்போம்.

முதலில் எளியதொரு சான்று. இறைவன் மோசேயோடு பேசிய இடம் எது? ஆசரிப்புக் கூடாரத்திலிருந்து என்கிறது லேவியராகமத்தின் முதல் வசனம். யாத்திராகமத்தின் 25ஆம் அதிகாரமோ, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியாகிய கிருபாசனத்தின் மேல், இரு கேருபீன்களுக்கு நடுவிலிருந்து என்கிறது. எண்ணாகமம் 7ஆம் அதிகாரத்தின் இறுதி வசனம் இவ்விரண்டையும் இணைக்கிறது. மோசே கூடாரத்தினுள் செல்வார். கிருபாசனத்தின் மேலிருந்து எழும் குரலை அங்கே கேட்பார். குரல் எழுந்த இடம் ஒன்று. கேட்டவர் நின்ற இடம் மற்றொன்று. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துரோய் நகரில் வாழ்ந்த ராஷி தம் உரையில் இவ்விளக்கத்தையே தருகிறார். முரண்படும் இரு வசனங்களை மூன்றாம் வசனம் வந்து தீர்த்துவைக்கும் என்பது, ரபி இஸ்மவேலின் பெயரால் வழங்கும் 13 உரைவிதிகளுள் இறுதியானது. அவ்விதிகள் யூதரின் அன்றாடக் காலை வழிபாட்டில் இன்றும் ஓதப்படுகின்றன. உரைகாணும் நெறியை வழிபாட்டிலேயே சேர்த்துவைத்திருப்பது நம்போன்ற மொழி மாணவர்க்கு இனிய வியப்பாகும்.

எல்லா முரண்களும் இவ்வளவு அமைதியாகத் தீர்ந்துவிடவில்லை. முரண் ஒன்று உயிரையே பறித்த கதை பாபிலோனியத் தல்மூதின் யெவாமோத் என்னும் பகுதியில் உள்ளது. யூதாவின் அரசன் மனாசே, தீர்க்கதரிசி ஏசாயாவை விசாரணைக்கு நிறுத்தினான். குற்றச்சாட்டு, ஏசாயா மோசேக்கு மாறாகப் பேசினார் என்பதே. இறைவனைக் கண்டு எந்த மனிதனும் உயிர் வாழ முடியாது என்றார் மோசே. ஏசாயாவோ அரியணையில் வீற்றிருந்த ஆண்டவரைத் தாம் கண்டதாகச் சொன்னார். அழைக்கும் போதெல்லாம் இறைவன் அருகில் இருக்கிறார் என்றார் மோசே. கண்டடையத்தக்க காலத்தில் அவரைத் தேடுங்கள் என்றார் ஏசாயா. மனிதனின் நாள்களின் எண்ணிக்கை நிறைவேற்றப்படும் என்பது மோசேயின் நூலில் உள்ள வாக்கு. ஏசாயாவோ நோயுற்றிருந்த எசேக்கியா மன்னனுக்கு 15 ஆண்டுகள் கூட்டித் தரப்படும் என்றார்.

மூன்றுமே நல்ல வினாக்கள் என்பதை மறுப்பதற்கில்லை. நம் வகுப்பில் ஒரு மாணவர் இவற்றை எழுப்பினால் நாம் மகிழ்வோம். ஏசாயாவிடம் விடையும் இருந்தது. ஆயினும் அவர் வாய் திறக்கவில்லை. எந்த விடையையும் அரசன் ஏற்கப்போவதில்லை. விடை கூறினால், அறிந்தே கொலைசெய்தவனாக அவன் ஆவான் என்று அவர் கருதினாராம். இறைப்பெயர் ஒன்றை உச்சரித்தார். கேதுரு மரம் அவரைத் தன்னுள் மறைத்துக்கொண்டது. மரம் கொண்டுவரப்பட்டு அறுக்கப்பட்டது. வாள் அவர் வாயை எட்டியபோது உயிர் பிரிந்தது. தம் மக்களை அசுத்த உதடுகள் உள்ளவர்கள் என்று அவர் முன்பு கூறியதே அதற்குக் காரணம் என்கிறது தல்மூது. தம் தீர்க்கதரிசியிடத்தும் குறைகாணத் தயங்காத மரபு இது.

கதை முடிந்ததும் தல்மூது ஒரு கேள்வி கேட்கிறது: எப்படியாயினும், வசனங்கள் முரண்படுகின்றனவே? அரச மன்றத்தில் சொல்லப்படாத விடை இங்கேதான் வருகிறது. மற்றத் தீர்க்கதரிசிகள் அனைவரும் ஒளிராத கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். மோசே ஒளிரும் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

இதனைக் கேட்டவுடன், தெளிந்த கண்ணாடியில் பார்த்த மோசே அதிகம் கண்டார் என்றே நமக்குத் தோன்றும். ராஷி அவ்வாறு கொள்ளவில்லை. மங்கிய கண்ணாடியில் பார்த்தவர்கள் கண்டதாக எண்ணினார்கள், ஆனால் காணவில்லை. மோசேயோ, தாம் இறைவனை முகமுகமாய்க் காணவில்லை என்பதை அறிந்திருந்தார். தெளிவான பார்வை தன் எல்லையையும் அறியும் பார்வையாயிற்று. எனவே ஏசாயா பொய்யுரைக்கவில்லை. தமக்குத் தோன்றியதைக் கூறினார். மோசே காண இயலாமையைக் கூறினார். இரு வசனங்களும் ஓரெழுத்தும் குறையாமல் நிற்கின்றன. நாம் படித்தவற்றுள் இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு பெரிய முடிச்சை அவிழ்த்த உரை அரிது.

இங்கு வேறோர் ஐயம் எழக்கூடும். காண இயலாது என்னும் அதே யாத்திராகமம் 33ஆம் அதிகாரமே, இறைவன் மோசேயோடு முகமுகமாய்ப் பேசினார் என்றும் கூறுகிறதே? 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடீஸ், முகமுகமாய் என்பதற்கு இடையில் தூதர் எவருமின்றி நேரே என்று பொருள் கொண்டார். மக்கள் குரலைக் கேட்டனர், உருவத்தைக் காணவில்லை என்னும் உபாகம வசனம் அவருக்குத் துணைநின்றது. அது பேச்சைக் குறித்த சொல்லேயன்றிக் காட்சியைக் குறித்ததன்று.

இரண்டாம் முரணைத் தல்மூது விரைந்து முடிக்கிறது. எப்போதும் அருகில் என்பது கூடி வேண்டும் சமூகத்திற்கு. காலமறிந்து தேடுக என்பது தனிமனிதனுக்கு. அக்காலம், புத்தாண்டு தொடங்கிப் பாவநிவாரண நாள் வரையுள்ள 10 நாள்கள்.

மூன்றாவதில்தான் கருத்து வேறுபாடு மூள்கிறது. ஆயுள் முன்பே வகுக்கப்பட்டது. தகுதியுடையோர்க்கு அது முழுமையாகக் கிடைக்கும், தகுதியற்றோர்க்குக் குறையும் என்றார் ரபி அகிவா. தகுதியுடையோர்க்கு ஆண்டுகள் கூடவும் செய்யும் என்றனர் ஏனைய அறிஞர். எசேக்கியாவின் 15 ஆண்டுகளையே சான்றாகவும் காட்டினர். அவை அவருக்கு உரியவையாகவே இருந்த ஆண்டுகள் என்று விடையிறுத்தார் அகிவா. அவர் காட்டிய ஆதாரம் நுட்பமானது. யோசியா என்னும் மகன் தாவீதின் வீட்டில் பிறப்பான் என்று பல தலைமுறைகளுக்கு முன்பே ஒரு தீர்க்கதரிசி கூறியிருந்தார். யோசியா மனாசேயின் பேரன். எசேக்கியா நோயுற்ற வேளையில் மனாசே பிறக்கவேயில்லை. தந்தை இறந்து அரியணை ஏறியபோது அவனுக்கு வயது 12. நீட்டிக்கப்பட்ட அந்த ஆண்டுகளைக் குற்றமாகச் சுமத்திய அரசன், அவ்வாண்டுகளில் பிறந்தவனே.

அறிஞர்கள் இதற்கும் மறுமொழி கூறினர். வசனத்தில் தாவீதின் வீடு என்றுதானே உள்ளது? எசேக்கியா என்று இல்லையே. யோசியா அக்குடியில் வேறொருவர் வழியாகவும் பிறந்திருக்கலாம் அல்லவா? விவாதம் அங்கேயே நின்றுவிடுகிறது. அகிவாவின் விடை தல்மூதில் இல்லை.