பெடல் மிதித்தால் புற்றுநோய் குறையுமா?

மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, இளஞ்சிவப்புச் சட்டையுடன் கூட்டமாகச் சைக்கிளில் செல்பவர்களைப் பார்த்தால் ஒரு சந்தேகம் எழும். இவர்கள் வெயிலில் மிதிப்பதற்கும், எங்கோ ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் என்ன தொடர்பு? பணம் கொடுக்க நினைப்பவர் வீட்டிலிருந்தே கொடுத்துவிடலாமே!

கொடுக்கலாம்தான்; ஆனால் பெரும்பாலும் யாராவது வந்து கேட்டால்தான் கொடுக்கிறோம். 1980இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில்லி ஸ்டார் என்பவர், 36 பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு நெடும் சைக்கிள் பயணம் போனார். அவருடைய தாயார் புற்றுநோயால் இறந்திருந்தார். அந்த முதல் பயணத்தில் சேர்ந்த தொகை 10,200 டாலர். ‘பான் மாஸ் சேலஞ்ச்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் நடக்கும் அந்தப் பயணம், 2024ஆம் ஆண்டுக்குள் டேனா ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்காக மொத்தம் 100 கோடி டாலருக்கு மேல் திரட்டிவிட்டது. இதன் சூட்சுமம் நம்மூர் மொய் போன்றது. மிதிப்பவர் ஒருவர், அவர் முகத்துக்காகக் கொடுப்பவர்கள் பலர். சிங்கப்பூரில் இன்னொரு தூண்டுதலும் உண்டு. அங்கீகாரம் பெற்ற அறநிறுவனத்துக்கு 100 வெள்ளி கொடுத்தால், வரிக் கணக்கில் 250 வெள்ளியைக் கழித்துக்கொள்ளலாம்.

சரி, அந்தப் பணம் எதற்குத் தேவைப்படுகிறது? சிங்கப்பூர்ப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். ஏறத்தாழ 13 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறை வரக்கூடும். ஆனால் அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 போன்ற மரபணுக்களில் பெரிய பழுது உள்ளவர்கள் சிறுபான்மையினரே. மற்றவர்களிடம் இருப்பவை நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு மாற்றங்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பெரிதாக எதுவும் செய்யாது. எல்லாவற்றையும் கூட்டி மதிப்பெண் போட்டால் ஆபத்து கூடியவர், குறைந்தவர் என்று ஓரளவு பிரிக்க முடியும். அப்படி 313 மாற்றங்களைக் கொண்டு ஒரு மதிப்பெண் முறையை ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களின் தரவிலிருந்து உருவாக்கினார்கள்.

சிக்கல் இங்கேதான். ஐரோப்பியப் பெண்ணுக்குப் பொருந்திய கணக்கு தேக்காவில் காய்கறி வாங்கும் பெண்ணுக்கும் பொருந்துமா? யாராவது சோதித்துப் பார்த்தால்தானே தெரியும். சிங்கப்பூர், மலேசிய ஆய்வாளர்கள் இதில் முக்கியப் பங்கு வகித்தார்கள். இரு நாடுகளின் சீன, மலாய், இந்தியப் பெண்கள் உட்பட, 17,000க்கும் அதிகமான ஆசிய நோயாளிகளையும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் நோயற்ற பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளியானது. ஐரோப்பிய மதிப்பெண் ஆசியப் பெண்களிடமும் ஏறக்குறைய அதே அளவுக்கு வேலை செய்கிறது என்பது முடிவு. ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் இரத்தமோ உமிழ்நீரோ கொடுத்த ஆயிரக்கணக்கான பெண்களும், அவற்றை ஆண்டுக்கணக்கில் உறைநிலையில் பாதுகாத்த செலவும் இருக்கின்றன. நன்கொடைப் பணம் கரைவது பெரும்பாலும் இப்படிப்பட்ட, படம் எடுத்துப் போட முடியாத வேலைகளில்தான்.

இதன் அடுத்த படியாக 2021இல் சிங்கப்பூரில் ‘பிரீத்’ என்ற ஆய்வு தொடங்கியது. எல்லாருக்கும் ஒரே வயதில் ஒரே பரிசோதனை என்பதற்குப் பதிலாக, மரபணு மதிப்பெண், மார்பக அடர்த்தி, குடும்ப வரலாறு ஆகியவற்றைப் பார்த்து, யாருக்கு எப்போது மேமோகிராம் தேவை என்று தீர்மானிக்க முடியுமா என்பதே கேள்வி. அடர்த்தி ஏன் முக்கியம்? மேமோகிராம் படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். கட்டி வெள்ளையாகத் தெரியும். அடர்த்தியான திசுவும் வெள்ளைதான். வெள்ளையில் வெள்ளையைத் தேடும் வேலை. ஆசியப் பெண்களில் பலருக்கு மார்பகத் திசு அடர்த்தியானது.

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே புக்கிட் தீமா சாலையில் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை இருக்கிறது. கேகே என்பது ‘கண்டாங் கெர்பாவ்’ என்பதன் சுருக்கம். மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். இந்த வட்டாரத்தில் இந்தியர்கள் மாட்டு வியாபாரம் செய்த காலத்தின் மிச்சம் அது. பக்கத்திலேயே பஃபலோ ரோடும் உண்டு. 1966இல் ஒரே ஆண்டில் 39,835 பிரசவம் பார்த்துக் கின்னஸில் இடம்பிடித்த மருத்துவமனை. பிள்ளை பெறப் போகத் தயங்காத பெண்கள், மார்பகப் பரிசோதனைக்கு ஏன் தயங்குகிறார்கள் என்பதுதான் புரியாத புதிர்.

2002இல், ஆசியாவிலேயே முதல் முறையாக நாடு தழுவிய மார்பகப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது சிங்கப்பூர். 50 முதல் 69 வயது வரை ஈராண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். 40 வயதைக் கடந்தவர்கள் மருத்துவரைக் கலந்து ஆண்டுக்கொரு முறை செய்துகொள்ளலாம். சலுகைக் கட்டணம் உண்டு; 50 வயதானவர்கள் மெடிசேவ் பணத்தையும் பயன்படுத்தலாம். இருந்தும் உரிய வயதுப் பெண்கள் பத்துப் பேரில் நான்கு பேர்கூட ஒழுங்காகப் போவதில்லை. திட்டத்துக்கு முன்னோட்டமாக 1990களில் அழைப்பு அனுப்பியபோதும் ஏறத்தாழ இதே விகிதத்தில்தான் வந்தார்கள். இத்தனை ஆண்டு விழிப்புணர்வுக்குப் பிறகும் விகிதம் நகரவில்லை என்றால், தெரியாததால் வராமல் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. வலிக்கும் என்ற பயம், கூச்சம், ‘ஏதாவது இருந்துவிட்டால்?’ என்ற கலக்கம் ஆகியவைதான் காரணங்கள். சைக்கிள் ஊர்வலம் ரிப்பன் கொடுத்துவிட்டுப் போவதைவிட, ஒரு பெண்ணைக் கையோடு அழைத்துப்போய் முன்பதிவு செய்து கொடுப்பது மேல் என்பது என் எண்ணம். வாரவிடுமுறையில் தேக்காவில் கூடும் வெளிநாட்டுப் பணிப்பெண்களையும் மறக்கக்கூடாது. அவர்களுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை நடக்கும் கட்டாயப் பரிசோதனையில் மேமோகிராம் கிடையாது.

இனி தலைப்புக்கு வருவோம். மிதிப்பதே மருந்தாகுமா? ஓரளவு. மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். ஆனால் கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். பல மார்பகப் புற்றுநோய்கள் அதைத் தின்றுதான் வளர்கின்றன. உடற்பயிற்சி கொழுப்பையும் இன்சுலினையும் குறைக்கிறது. சுறுசுறுப்பான பெண்களுக்கு ஆபத்து 10 முதல் 20 விழுக்காடு குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. குறையும் என்றுதான் சொல்ல முடியும்; வராது என்றல்ல. நாள்தோறும் ஓடிய பெண்ணுக்கும் வந்திருக்கிறது. அவரிடம் போய் ‘நீங்கள் என்ன தப்பு செய்தீர்கள்’ என்று கேட்பது அறிவியல் ஆகாது.

நோய் வந்து மீண்டவர்களுக்குப் பயிற்சியின் பலன் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றினால் கை வீங்கலாம். அதனால் அந்தக் கையால் பாரம் தூக்காதே, வேகமாக அசைக்காதே என்று முன்பெல்லாம் எச்சரித்தார்கள். கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்ஸி என்ற விளையாட்டு மருத்துவர் 1996இல் அதை மீறிப் பார்த்தார். சிகிச்சை முடிந்த 24 பெண்களை டிராகன் படகில் உட்காரவைத்துத் துடுப்புப் போடச் சொன்னார். ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. 2009இல், ஏற்கெனவே வீக்கம் உள்ள 141 பெண்களிடம் நடந்த ஆய்வில், படிப்படியாக எடை தூக்கியவர்களில் 14 விழுக்காட்டினருக்கு மட்டுமே நிலை மோசமானது. தூக்காதவர்களில் அது 29 விழுக்காடு. 1997இல் தொடங்கிய சிங்கப்பூர் மார்பகப் புற்றுநோய் அறநிறுவனத்துக்கும் மீண்டவர்களின் படகுக் குழு உண்டு. அதன் பெயர் ‘பேடலர்ஸ் இன் தி பிங்க்’.

சைக்கிளில் கைக்கு அவ்வளவு வேலை இல்லை. இதயத்துக்கும் தொடைக்கும்தான் வேலை. டாக்ஸோரூபிசின், டிராஸ்டுஸுமேப் போன்ற மருந்துகள் சிலருக்கு இதயத்தைப் பலவீனப்படுத்தும் என்பதால், மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். வீட்டில் நிற்கும் சைக்கிளில் பத்து நிமிடம் என்று ஆரம்பிக்கலாம். வெளியே போகும்போது கைப்பிடியைச் சற்று உயர்த்தி வைத்தால் தோளில் எடை விழாது. டாக்ஸேன் வகை மருந்து எடுத்தவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போயிருக்கும். பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. பூங்கா இணைப்புப் பாதையில் இறங்குவதற்கு முன் வீட்டின் கீழ்த்தளத்தில் நாலு தடவை பிரேக் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.