வெள்ளைக் கவசத்தின் கோணல் கண்

‘ஸ்டார் வார்ஸ்’ பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைக் கவச வீரர்களைத் தெரியாமல் இருக்காது. ஸ்டார்ம்ட்ரூப்பர் என்று பெயர். கூட்டமாக வருவார்கள், சரமாரியாகச் சுடுவார்கள், கதாநாயகன் மீது மட்டும் ஒன்றும் படாது. 1977இல் வந்த முதல் படத்தை எங்காவது நிறுத்தி, அவர்களின் தலைக்கவசத்தை நேருக்கு நேர் பாருங்கள். இரண்டு கண்களும் ஒரே வடிவத்தில் இல்லை. கன்னத்தில் வரிசையாக ஓடும் சின்ன நீலக் கோடுகள் கையால் தீட்டியவை. ஒரு தலையில் உள்ள எண்ணிக்கை அடுத்த தலையில் இல்லை.

இந்தக் கவசத்தை வீட்டிலேயே செய்து அணிகிறவர்கள் இன்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், கண்ணைக் கொஞ்சம் நேராக்கித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். திரையில் எப்படிக் கோணலாக இருந்ததோ அப்படியே வேண்டும். வேலையற்ற வேலை என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தக் கோணல் எங்கிருந்து வந்தது, அதை எந்த அளவுக்கு நகலெடுக்க முடியும், எந்த இடத்தில் மனித உடம்பு குறுக்கே வந்து நிற்கும் என்று பார்த்தால், இதற்குள் நல்ல அறிவியல் இருக்கிறது.

படத்துக்காக ஓவியர் ரால்ஃப் மெக்குவாரி வரைந்த ஓவியங்கள்தான் தொடக்கம். 1976இன் ஆரம்பத்தில் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் ப்ரையன் மியூர் என்ற இளம் சிற்பி உடல் கவசத்தைக் களிமண்ணில் வடித்தார். தலைக்கவசத்தின் களிமண் வடிவம் நிக் பெம்பர்டனுடையது. அதைப் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுத்தவர் ட்விக்கென்ஹாமில் பட்டறை வைத்திருந்த ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த். படப்பிடிப்பு நெருங்கிக்கொண்டிருந்தது, கையில் பணமும் அதிகம் இல்லை. கையால் பிடித்த களிமண்ணில் இடது பக்கமும் வலது பக்கமும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. கூட்டத்தோடு கூட்டமாக ஓடப்போகிற வீரனுக்கு அதைச் சரிசெய்ய யாருக்கும் நேரமில்லை. ஐம்பது வருடம் கழித்து ஒருவர் ஸ்கேல் வைத்து அளப்பார் என்று அவர்கள் எங்கே கண்டார்கள்!

செய்முறையின் பெயர் வேக்யூம் ஃபார்மிங். கடையில் வாங்கும் இனிப்புப் பெட்டிக்குள் குழி குழியாக ஒரு மெல்லிய தட்டு இருக்கிறதே, அதைச் செய்யும் அதே முறை. பிளாஸ்டிக் தகட்டைச் சட்டத்தில் மாட்டிச் சூடாக்குவார்கள். தகடு தளர்ந்து தொய்யத் தொடங்கியதும் அச்சின் மேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சிவிடுவார்கள். உறிஞ்சுவது தகட்டை இழுக்கிறது என்று தோன்றும். உண்மையில் வேலை செய்வது மேலே இருக்கும் காற்று. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடை என்று வளிமண்டலம் எப்போதும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. 40க்கு 40 சென்டிமீட்டர் உள்ள மார்புத் தகட்டின் மீது அது ஒன்றரை டன்னுக்கு மேல். அடியில் எதிர்த்து நிற்கக் காற்று இல்லாதபோது, இளகிய தகடு அச்சோடு அச்சாக ஒட்டிக்கொள்ள ஓரிரு நொடி போதும்.

இந்த முறையில் ஒரு குணக்கேடு உண்டு. தகட்டின் உட்பக்கம்தான் அச்சைத் தொடுகிறது, அங்கேதான் விளிம்புகள் கூர்மையாக விழும். நாம் பார்க்கிற வெளிப்பக்கம் தகட்டின் கனத்தால் சற்று மழுங்கிப்போகும். ஆழமாக இழுபடும் இடங்களில் தகடு மெலியும். ஆறியதும் பிளாஸ்டிக் சுமார் அரை சதவீதம் சுருங்கவும் செய்யும். முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர். ஒருமுறை என்றால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ரசிகர் ஒருவர் பழைய கவசத்துக்குள் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுக்கிறார், அந்த அச்சில் வார்த்ததிலிருந்து இன்னொருவர் அச்செடுக்கிறார் என்று போகும்போது, தலைமுறைக்குத் தலைமுறை கவசம் சிறுத்துக்கொண்டே வரும். வெளிப்பக்கத்திலிருந்து அச்செடுத்தால் சிறுப்பதற்குப் பதில் முகம் மழுங்கும். ஆகவே இந்த வட்டாரத்தில் ஒரு கவசத்தை வாங்குமுன் விலையைக் கேட்பதற்கு முன்பே அதன் பூர்வீகத்தைக் கேட்கிறார்கள். அசல் படக் கவசத்திலிருந்து இந்த அச்சு எத்தனை கை மாறி வந்தது என்பதற்கு அங்கே மதிப்பு இருக்கிறது.

அந்தப் பூர்வீகம் நீதிமன்றத்துக்கும் போனது. எய்ன்ஸ்வொர்த் பிற்காலத்தில் தானே தலைக்கவசங்கள் செய்து விற்க ஆரம்பித்ததும், படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் வழக்குப் போட்டது. தலைக்கவசம் ஒரு சிற்பமா, இல்லையா? சிற்பம் என்றால் நீண்ட காலக் காப்புரிமை, வெறும் பொருள் என்றால் குறுகிய காலம், அது எப்போதோ முடிந்துபோனது. சிற்பம் அல்ல, படம் எடுக்கப் பயன்பட்ட ஒரு பொருள்தான் என்று 2011இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கக் காப்புரிமை விஷயத்தில் லூகாஸ்ஃபிலிம் பக்கம் நியாயம் இருப்பதாக அதே தீர்ப்பு சொன்னது வேறு கதை.

இனி, கவசம் செய்ய ஆசைப்படுகிறவரின் வீட்டுக்குப் போவோம். அவருக்கு வந்து சேருவது ஒரு பெரிய பழுப்பு அட்டைப்பெட்டி. பிரித்தால் கவசம் இருக்காது. வெள்ளைத் தகடுகளில் தொடை, முழங்கை, முதுகு என்று புடைப்புகள் மட்டும் இருக்கும். சுற்றிலும் வெட்டி எறியவேண்டிய ஓரங்கள். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் இது, லெகோ கட்டைகள் 1963 முதல் இதில்தான் வருகின்றன. அக்ரிலோநைட்ரைலும் ஸ்டைரீனும் சேர்ந்து விறைப்பும் பளபளப்பும் தருகின்றன. பியூட்டடையீன் என்னும் ரப்பர், கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக உள்ளே பரவியிருந்து, அடிபடும்போது விரிசல் ஓடிவிடாமல் தடுக்கிறது. அதே ரப்பர்தான் வெயில் படப்பட வெள்ளையை மஞ்சளாக்குவதும்.

படத்துக்குச் செய்த எல்லாத் தலைக்கவசங்களும் வெள்ளை ஏபிஎஸ் அல்ல. சண்டைக் காட்சிகளுக்கான ‘ஸ்டண்ட்’ தலைகளை காக்கி நிறப் பாலிஎத்திலீனில் வார்த்து மேலே வெள்ளை அடித்தார்கள். பாலிஎத்திலீன் எதையும் தன்மேல் ஒட்டவிடாத ஜாதி, அதன் மேற்பரப்பு ஆற்றல் அவ்வளவு குறைவு. அதனால் எஞ்சியிருக்கும் அசல் தலைகளில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து காக்கி எட்டிப்பார்க்கிறது. அந்த உரிசலையும் நகலெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்ப வேண்டும்.

ஓரங்களை வெட்டுவது எளிது. பேப்பர் கட்டரால் ஒரு கோடு கீறி, முன்னும் பின்னும் மடக்கினால் கோட்டோடு படக்கென்று முறியும். முழு அழுத்தமும் கீறலின் நுனியில் குவிவதுதான் காரணம். இதே விதி பின்னால் பழிவாங்கவும் செய்யும். உள்மூலையைக் கூராக வெட்டி வைத்தால், நாலு முறை குனிந்து நிமிர்ந்ததும் அங்கிருந்து விரிசல் கிளம்பும். மூலைகளை எல்லாம் வளைவாக வெட்டி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குகிறவர் பிழைத்தார்.

வளைப்பதுதான் பயம் தரும் கட்டம். மேற்கைக் கவசம் விரிந்து நிற்கிறது, கொஞ்சம் மூடவேண்டும். ஹீட் கன் வைத்துக் காட்டினால் ஓரிடம் மட்டும் சூடேறி, கண்ணெதிரே சுருங்கிப்போகும். அனுபவசாலிகள் அடுப்பில் அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில்தான் தகட்டை முக்குவார்கள். ஏபிஎஸ் நன்றாக இளகுவது சுமார் 105 டிகிரி செல்சியஸில். தண்ணீர் 100ஐத் தாண்டாது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் தகடு உருகிவிட வழியே இல்லை, ஆனால் வளைந்து கொடுக்கும் அளவுக்கு அந்த எல்லைக்கு அருகே போய்விடும். தடித்த கையுறையோடு எடுத்து, வேண்டிய வடிவத்தில் பிடித்து, பச்சைத் தண்ணீரில் முக்கினால் அப்படியே நின்றுவிடும். அது கொஞ்சம் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும் என்பதால் தேவைக்கு மேல் சற்று அதிகமாகவே வளைக்கவேண்டும்.

கைக்கும் காலுக்கும் உள்ள கவசங்கள் இரண்டிரண்டு பாதிகளாக வரும். அவற்றை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து, மேலே ஒரு பட்டை ஒட்டுவது படத்தில் இருந்த முறை. முன்பக்கத்தில் கைக்கு 15 மில்லிமீட்டர் அகலப் பட்டை, காலுக்கு 20. அசலுக்கும் உடம்புக்கும் சண்டை வருவது இங்கேதான். அந்தக் கவசம் 1976இல் ஒல்லியான துணை நடிகர்களுக்காக அளவெடுத்தது. நம்முடைய தொடை அந்தத் தொடை அல்ல. முன்பக்கப் பட்டையை அகலமாக்கினால் கவசம் பொய்யாகத் தெரியும். எனவே முன்பக்கத்தைத் துளியும் தொடுவதில்லை. கூட்டுவதோ குறைப்பதோ எல்லாம் பின்பக்கத் தையலில்தான். தடித்த காலுக்கு அங்கே ஒரு துண்டு சேர்ப்பார்கள், மெலிந்த காலுக்கு வெட்டுவார்கள். கேமரா பார்க்கும் பக்கத்தில் திரைக்கு விசுவாசம், பார்க்காத பக்கத்தில் உடம்புக்கு. நல்ல தையற்காரர் எவரும் ஒப்புக்கொள்ளும் தர்மம் இது.

ஒட்டுவதற்கு அமெரிக்கர்கள் விரும்புவது இ6000 என்ற ரப்பர் பசை. காய ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதுவரை இருபுறமும் சின்னக் காந்தங்களை வைத்துப் பிடிப்பார்கள். சூப்பர் குளூ நொடியில் பிடிக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், ஒரு தட்டில் தெறிக்கும். இ6000 காய்ந்த பிறகும் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். அளவு தவறிப்போனால் உரித்து எடுத்து மறுபடி ஒட்டலாம். இடுக்குகளை அடைக்க இன்னொரு வித்தை உண்டு. வெட்டிப்போட்ட ஓரங்களை அசிட்டோனில் ஊறவைத்தால் கரைந்து கூழாகும். அதைப் பூசினால் அசிட்டோன் பறந்துபோய் அதே பிளாஸ்டிக் அங்கே நிற்கும், நிறம்கூட மாறாது.

துண்டுகள் ஆனபின் அவற்றை உடம்பில் தொங்கவிட வேண்டும். வெளியே எதுவும் தெரியக்கூடாது. உள்ளே நைலான் நாடா, எலாஸ்டிக், பிரஸ் பட்டன் என்று ஒரு சிலந்திவலையே இருக்கும். தொடைக் கவசம் இடுப்புப் பட்டையிலிருந்து தொங்கும், இல்லாவிட்டால் நாலு அடி வைப்பதற்குள் நழுவி முழங்காலில் இடிக்கும். அப்படியும் முழங்காலின் பின்புறத்திலும் அக்குளிலும் இரண்டு தகடுகளுக்கு நடுவே சதை மாட்டிக்கொள்ளும். ‘கவசம் கடித்துவிட்டது’ என்பது அவர்களின் அன்றாடப் பேச்சு. நாற்காலியில் சாதாரணமாக உட்கார முடியாது, உயரமான ஸ்டூலில் சாய்ந்துகொள்ளலாம். குனிந்து தன் காலையே பார்க்க முடியாததால் பொது இடங்களில் துணைக்கு ஓர் ஆள் கூடவே நடப்பார். படத்தில் இந்தத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்ட கதாநாயகன் லூக் ஸ்கைவாக்கரே எதுவும் தெரியவில்லை என்றுதான் புலம்புகிறான். கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளும் வீரர் ஒருவரும் அதே படத்தில் உண்டு. 2004 டிவிடி பதிப்பில் அந்த இடிக்கு ‘டொக்’ என்று ஒலி வேறு சேர்த்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை வெப்பம். நிதானமாக நடக்கிறவர் உடம்பு சுமார் 250 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துப்போகும். கணக்குப் போட்டால் வியர்வை மட்டுமே காப்பாற்ற வேண்டுமென்றால் மணிக்கு 375 கிராம் ஆவியாக வேண்டும். வழிந்து கீழே சொட்டுகிற வியர்வை இந்தக் கணக்கில் சேராது, ஆவியானால்தான் பலன். காற்றுப் புகாத பிளாஸ்டிக்குக்குள் ஈரப்பதம் சீக்கிரமே உச்சத்தைத் தொட்டுவிடுவதால் ஆவியாதல் நின்றுபோகிறது, வியர்வை மட்டும் ஓடுகிறது. சுவாசமும் தன் பங்குக்கு ஈரத்தைக் கொண்டுவந்து, சற்றுக் குளிர்ந்திருக்கும் பச்சைக் கண்ணாடியில் பனியாகப் படியவிடுகிறது. கம்ப்யூட்டரில் வரும் நாலு சென்டிமீட்டர் மின்விசிறி இரண்டை பேட்டரியோடு தலைக்கவசத்துக்குள் ஒளித்துவைப்பது இதற்குத்தான். திரையில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறோமே என்று இந்த விஷயத்தில் மட்டும் யாரும் வருத்தப்படுவதில்லை.

3டி பிரிண்டரில் அடித்துக்கொள்ளலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அடிக்கலாம், பலர் அடிக்கிறார்கள். பெரும்பாலோர் பயன்படுத்தும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே தளர்ந்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது தலைக்கவசம் குனிந்திருக்கும்.

கவசம் முடிந்தால் அங்கீகாரம். 1997இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆல்பின் ஜான்சன் தொடங்கிவைத்த 501ஆவது லீஜியன் என்ற ரசிகர் படை இன்று பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கிறது. மருத்துவமனைக் குழந்தைகளைப் பார்ப்பது, நன்கொடை திரட்டுவது என்று சம்பளமில்லாத வேலைகள் செய்கிறார்கள். படையில் சேர முன், பின், பக்கவாட்டுப் படங்களை அனுப்பவேண்டும். பரிசோதகர்கள் துண்டு துண்டாகப் பார்ப்பார்கள். துப்பாக்கி உறை இடது இடுப்பில் இருக்கிறதா? இடுப்பின் இடதுபக்க விளிம்பில் மூன்று ரிவெட் உண்டா? முதுகுப்புறக் குண்டு என்று கதையில் சொல்லப்படும் சாம்பல் நிறக் குழாயில் ஒற்றைக் கோட்டு ஸ்க்ரூவா, நட்சத்திர ஸ்க்ரூவா? 1977 தலை என்று சொல்லிவிட்டு நீலக் கோடுகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மேல்நிலைத் தகுதி கிடைக்காது, ஸ்டிக்கர் 1983இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு உரியது. ஹம்ப்ரால் பெயிண்டின் ‘பிரெஞ்சு ப்ளூ’வைத் தொட்டு, கை நடுங்க நடுங்கத் தீட்டவேண்டும். கொஞ்சம் நடுங்கினால் நல்லதுதான், அசலிலும் கோடுகள் ஒரே சீராக இல்லை.

2019இல் வெளிவந்த ‘தி மாண்டலோரியன்’ என்ற ஸ்டார் வார்ஸ் தொடரின் முதல் பருவத்துக்கு ஒரு பெரிய வீரர் கூட்டம் தேவைப்பட்டது. தயாரிப்பாளர்களிடம் போதுமான கவசங்கள் இல்லை. லூகாஸ்ஃபிலிம் 501ஆவது லீஜியனைக் கூப்பிட்டது. உறுப்பினர்கள் தங்கள் வீட்டில் செய்த கவசங்களை மாட்டிக்கொண்டு வந்து கேமரா முன் நின்றார்கள்.