பழைய கோழிகளும் புதுக் குஞ்சுகளும்

வீட்டு வளவில் பத்துப் பன்னிரண்டு பேடுகள் வைத்திருப்போர், அவற்றுட் சில முட்டையிடுவது குறைந்ததும், ஒருநாட் குஞ்சுகளை வாங்கி வளர்க்க முயல்வதுண்டு. முதல் இரண்டு வாரமும் குஞ்சுகள் நன்றாயிருக்கும். பின்னர் இடம் போதாதென்றோ, தனியாகப் பராமரிப்பது தொல்லையென்றோ அவற்றைப் பழைய கோழிகளுடன் விட்டுவிடுவர். சில நாட்களிற் குஞ்சுகள் சிறகைத் தொங்கவிட்டு, உடலைக் குறுக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கும், எச்சத்தில் இரத்தம் காணப்படும், ஒவ்வொன்றாக மடியும். பழைய கோழிகளோ யாதொரு குறையுமின்றி மேய்ந்துகொண்டிருக்கும். அதனால் குற்றம் குஞ்சு விற்றவர் மீது சுமத்தப்படுகின்றது. பெரும்பாலும் நோய் வளவிலேயே முன்னர் இருந்ததாகும்.

இது இரத்தக்கழிச்சல் நோய். இதனை உண்டாக்கும் நுண்ணுயிர் கோழியின் குடலில் வாழ்வது. வளர்ந்த கோழிகள் இளமையிற் சிறிது சிறிதாக அதனை உட்கொண்டு எதிர்ப்புச் சக்தி பெற்றவை. ஆகையால் தாம் நோயுறாமலே அதன் நுண்ணிய வித்துக்களை எச்சத்துடன் வெளியேற்றிக்கொண்டிருக்கும். வெப்பமும் ஈரமும் சேருமிடத்து அவ்வித்துக்கள் ஓரிரு நாட்களிலேயே தொற்றுந் தன்மையை அடைகின்றன. மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகளே இதற்கு மிக எளிதில் இரையாகின்றன. திடகாத்திரமான கோழி நோயற்ற கோழி என்று கொள்வது தவறு என்பதை இதனால் அறியலாம்.

ஆதலால் குஞ்சுகளைத் தனிக் கூட்டில், பழைய கோழிகளின் எச்சம் படாத இடத்தில் வளர்த்தல் வேண்டும். நிலத்தில் உமியையோ மரத்தூளையோ இரண்டு மூன்று அங்குலத் தடிப்பிற் பரப்பி, ஈரமான பகுதியை அன்றன்றே அகற்றுக. கவனம் பெரிதும் தேவைப்படுவது தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள இடத்திலாகும். மாரி காலத்திற் சாரல் உட்புகாதபடி கிடுகால் மறைத்தல் நன்று. நாள்தோறும் குஞ்சுகளைப் பார்த்த பின்னரே பெரிய கோழிகளிடம் செல்லவேண்டும். முறை மாறினால் காலணியிலும் வாளியிலும் நோய் கூட்டுக்குட் சென்றுவிடும். இரத்தக்கழிச்சல் கண்டவுடன் கால்நடை வைத்தியரிடம் மருந்து பெற்றுத் தண்ணீரிற் கலந்து கொடுத்தால் பல குஞ்சுகளைக் காப்பாற்றலாம். இராணிக்கெற் நோய்க்கான தடுப்பு மருந்தையும் அவரிடமே கேட்டு உரிய நாளில் ஏற்றுவிக்கவேண்டும்.

முதல் வாரத்திற் கூட்டின் வெப்பம் ஏறத்தாழ 35 பாகை செல்சியசு இருக்கவேண்டும். பின்னர் வாரந்தோறும் மூன்று பாகையளவிற் குறைக்கலாம். வெப்பமானி இல்லாதோர் குஞ்சுகளையே பார்த்தறியலாம். குளிரெனின் மின்குமிழின் கீழ் நெருங்கிக் குவியும். வெப்பம் மிகுந்தால் விலகி நின்று வாயைத் திறந்து மூச்சுவிடும்.

அடைக்கோழி கிடைக்குமாயின் இவ்வேலை பெரிதுங் குறையும். சில நாட்கள் முட்டைகளின் மீது உறுதியாக அடைகிடந்த பேட்டின் கீழ், இரவில், முட்டைகளை எடுத்துவிட்டு ஒருநாட் குஞ்சுகளை வைத்தால் பெரும்பாலும் அது ஏற்றுக்கொள்ளும். பகலில் வைத்தால் கொத்தவுங் கூடும். தாய்க்கோழி மற்றைப் பேடுகளை அண்டவிடாது. எனினும் இரத்தக்கழிச்சலை எந்தத் தாயும் தடுக்கமாட்டாது. அவளுக்கும் குஞ்சுகளுக்கும் வேறு கூடு வேண்டியதே.

தீனிலும் வேறுபாடு உண்டு. முட்டையிடும் கோழிகளின் தீனில் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து மூன்றரை முதல் நான்கு சதவீதம் வரை சேர்க்கப்படுகின்றது. குஞ்சுகளுக்கு ஒரு சதவீதமளவே போதும். மிகையாகத் தொடர்ந்து உண்பின் அவற்றின் சிறுநீரகம் பழுதுறும்.

பழைய கோழிகளுடன் சேர்ப்பதற்கு ஏற்ற காலம், குஞ்சுகள் உடலளவிற் பேடுகளை ஓரளவு நெருங்கும் பத்துப் பன்னிரண்டு வாரமாகும். கோழிகளுள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டென்பதை நோர்வே நாட்டவரான செல்டெறுப் எபே 1922 இல் எடுத்துக்காட்டினார். கோழி வளர்த்த பெண்கள் அதற்கு முன்னரும் அதனை அறிந்திருப்பர். புதிதாக வருவது அவ்வரிசையின் கடைசியிலேயே இடம்பெறும். ஆகையால் ஒன்றிரண்டாக விடாது எல்லாவற்றையும் ஒருங்கே விடவேண்டும். அதற்கு முன் இரண்டு வாரம், கம்பிவலைக்கு இருபுறமும் ஒன்றையொன்று பார்த்துப் பழகவிடுதல் அவசியம். பின்னர் ஓரிரவில், பேடுகள் தடியில் உறங்கும்போது, அருகே இவற்றையும் ஏற்றிவிடுக. மறுநாட் காலையில் அங்கிருந்து பார்த்தல் வேண்டும். சிறு கொத்தல்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இரத்தம் கண்டால் அடிபட்டதைப் பிரித்துவிடவேண்டும், ஏனெனில் இரத்தத்தைக் கண்ட கோழிகள் கொத்துவதை நிறுத்தா. தீன் தட்டும் தண்ணீர்த் தட்டும் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். முதல் முட்டை காணும்வரை எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீனையே கொடுத்து, பழைய பேடுகளுக்கெனச் சிப்பித் தூளை வேறொரு தட்டில் வைத்தாற் போதும். வேண்டியவை அதனைத் தாமே தேடி உண்ணும்.