சாக மறுக்கும் உயிரணு!

தாய் வயிற்றில் வளரும் சிசுவின் கை, தொடக்கத்தில் வாத்தின் காலைப் போல இருக்கும். விரல்களுக்கு இடையே தோல் மூடியிருக்கும். பிறக்கும்போது அந்தத் தோல் இல்லை. எங்கே போயிற்று?

அதிலிருந்த உயிரணுக்கள் தாமாகவே மடிந்துவிட்டன! யாரும் கொல்லவில்லை. நோயும் தாக்கவில்லை. வேலை முடிந்ததும் விடைபெற்றுக்கொண்டன.

நம் உடம்பிலும் தினந்தோறும் கோடிக்கணக்கான உயிரணுக்கள் இப்படிச் சாகின்றன. 1972-ம் ஆண்டில் கெர், வைலி, கர்ரி என்ற மூன்று விஞ்ஞானிகள் இதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் சூட்டினார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

சுவருக்குள் எமன்

உயிரணுவுக்குச் சக்தி தருபவை, அதனுள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள். ஒவ்வொன்றையும் இரண்டு சவ்வுகள் சுவர் போலச் சூழ்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே 'சைட்டோகுரோம் சி' என்ற புரோட்டீன் இருக்கிறது. சக்தி உற்பத்திக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் சுவரைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் அதுவே எமன்! 1996-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் சியாவோடாங் வாங் குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள்.

சுவரைத் துளைப்பது யார்? 'பாக்ஸ்', 'பாக்' என்ற இரு புரோட்டீன்கள். உயிரணு பழுதுபட்டதும் இவற்றுக்குச் சேதி போகிறது. உடனே உருமாறி, ஜோடி ஜோடியாகச் சேர்ந்து, வெளிச்சவ்வில் ஓட்டை போடுகின்றன. சில நிமிஷங்களில் சைட்டோகுரோம் சி வெளியே கொட்டுகிறது. அது 'காஸ்பேஸ்' என்ற கத்தரிக்கோல்களை முடுக்கிவிடுகிறது. அவை உயிரணுவைத் துண்டாடுகின்றன. துண்டுகளைப் பக்கத்து உயிரணுக்கள் விழுங்கிவிடுகின்றன.

பாக்ஸும் பாக்கும் இல்லாத சுண்டெலிகளை விஞ்ஞானிகள் உருவாக்கிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை பிறந்ததும் இறந்தன. பிழைத்து வளர்ந்தவற்றின் கால்விரல்களுக்கு இடையே தோல் அப்படியே தங்கிவிட்டது!

அளவுக்கு மிஞ்சிய காவல்

இந்த இரண்டையும் அடக்கி வைக்கும் காவல்காரனும் உண்டு. பெயர் 'பி.சி.எல்.-2'. ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் 14-வது, 18-வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறிவிடுகின்றன. அதனால் இந்தக் காவல்காரன் அளவுக்கு மிஞ்சிப் பெருகிவிடுகிறான். சாக வேண்டிய உயிரணு சாக மறுக்கிறது! புற்றுநோய் என்றால் உயிரணு வேகமாகப் பெருகுவதுதான் என்று எண்ணியிருந்த காலத்தில், சாகாமல் இருப்பதும் ஒரு காரணம் என்று 1988-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் வாக்ஸ், கோரி, ஆடம்ஸ் ஆகியோர் காட்டினார்கள்.

அந்தக் காவல்காரனின் கையைக் கட்டும் மாத்திரைதான் 'வெனிடோக்ளாக்ஸ்'. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு 2016-ல் அமெரிக்க அரசு இதை அனுமதித்தது. மாத்திரை நேரடியாகக் கொல்வதில்லை. தடையை விலக்குகிறது, உயிரணு தன் முடிவைத் தானே தேடிக்கொள்கிறது.

எல்லாப் புற்றுநோய்க்கும் இது பலிக்காது. சிலவற்றுக்கு 'எம்.சி.எல்.-1' என்ற வேறொரு காவல்காரன் துணை நிற்கிறான். அவனையும் கட்டிவிடலாமே என்றால், இதயத்துக்குக் கேடு வருமோ என்று டாக்டர்கள் அஞ்சுகிறார்கள். நல்ல உயிரணுவுக்கும் அவன்தானே காவல்!