மல்லிகை எண்ணெய்: மணம் செய்யும் வேலையும் எண்ணெய் செய்யும் வேலையும்

மல்லிகை எண்ணெய் என்று விற்கப்படுவது எல்லாம் ஒரே பொருள் அல்ல. பூவிலிருந்து பிரித்தெடுத்த அடர்சாறு ஒன்று. தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ பூவை ஊற வைத்து மணமேற்றியது இன்னொன்று. மலிவு எண்ணெய் ஒன்றில் செயற்கை மல்லிகை மணத்தைக் கலந்து, லேபிளில் பூப்படம் போட்டு வருவதும் உண்டு. ஒன்றுக்குரிய பலனை மற்றொன்றின் பாட்டிலில் எழுதி விற்பதால்தான் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள்.

அடர்சாறு தயாரிப்பில் தமிழ்நாட்டுக்கு உலக அளவில் முக்கிய இடம் உண்டு. நிலக்கோட்டை, சத்தியமங்கலம், கோயம்புத்தூர் வட்டாரங்களில் உள்ள சென்ட் ஆலைகள் விவசாயிகளிடமிருந்து பூ வாங்கிச் சாறெடுத்து வெளிநாட்டு வாசனைத் திரவிய நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. பூச்சந்தையில் விலை விழும் நாளில் குண்டுமல்லிக்கு ஆதரவு இந்த ஆலைகள்தான். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி குண்டுமல்லி இனத்தைச் சேர்ந்தது. வடமாவட்டங்களில் ஜாதிமல்லி என்றும் தெற்கே பிச்சி என்றும் அழைக்கப்படும் பூ வேறோர் இனம். அதன் சாற்றை உலகுக்குத் தருவதில் எகிப்தும் இந்தியாவும் முன்னணியில் உள்ளன.

மல்லிகையின் மணம் மென்மையானது. ரோஜாவைப் போல நீராவியில் காய்ச்சி இறக்கினால் அது கெட்டுவிடும். அதனால் ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவைக் கழுவி, மெழுகு போன்ற ஒரு பொருளைப் பெறுகிறார்கள். பிறகு ஆல்கஹாலால் மெழுகை நீக்கினால் மிஞ்சுவது ‘அப்சல்யூட்’ என்னும் சாறு. பறித்த பிறகும் மல்லிகை மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் காலையில் வந்த குண்டுமல்லி மொட்டுகளை ஆலைகள் பரப்பி வைத்து, மாலையில் மலர்ந்த பிறகே சாறெடுக்கின்றன. ஒரு கிலோ அப்சல்யூட்டுக்குப் பிச்சிப்பூ ஏறத்தாழ 700 கிலோ வேண்டும். குண்டுமல்லி என்றால் 1,000 கிலோவுக்கும் மேல். விலை கிலோவுக்கு லட்சக்கணக்கில் போவதால், 100 ரூபாய்க்கு 10 மில்லி தூய சாறு கிடைக்க வழியே இல்லை. நிறத்தைப் பார்த்தும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். தூய சாறு ஆரஞ்சுக்கும் பழுப்புக்கும் இடைப்பட்ட நிறத்தில் கெட்டியாக இருக்கும், தண்ணீர்போல் தெளிந்திராது.

மனத்தின் மீது மல்லிகை மணம் செய்யும் மாற்றம் ஆராயப்பட்டிருக்கிறது. 2010இல் தாய்லாந்து ஆய்வாளர் ஒருவர் வெளியிட்ட ஆய்வில், மல்லிகை எண்ணெய் தேய்த்துவிடப்பட்டவர்களுக்கு மூச்சு வேகமும் ரத்த அழுத்தமும் சற்றே கூடின. விழிப்பும் சுறுசுறுப்பும் தெரிந்தன. ஜப்பானில் மல்லிகைத் தேநீரின் மணத்தைக் கொண்டு செய்த ஆய்வுகளில் மிக மெல்லிய மணம் இதயத் துடிப்பைத் தணித்தது. ஆனால் மணம் தூக்கலாக இருந்தபோது, அதை விரும்பியவர்களுக்கு அமைதியும் விரும்பாதவர்களுக்குக் கிளர்ச்சியும் ஏற்பட்டன. இவை எல்லாம் சிறிய ஆய்வுகள். மனச்சோர்வுக்கோ தூக்கமின்மைக்கோ மருந்து என்று சொல்ல இவை போதா.

ஆயினும் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்து விடுதிகளில் தங்கும் பெண்களுக்கு இதில் உபயோகமான ஒரு செய்தி இருக்கிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் தூங்க வேண்டியவர் கைக்குட்டையில் நிறையச் சொட்டி முகர்ந்தால் தூக்கம் வருவதற்குப் பதில் விழிப்பு வரலாம். ஒரே ஒரு சொட்டு, அதுவும் படுக்கையிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தால் போதும். அறையில் உடன் தங்கியிருப்பவருக்கு அந்த மணம் பிடிக்கிறதா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம்.

முடிக்கும் தோலுக்கும் கிடைக்கும் நன்மையில் பெரும்பங்கு மல்லிகையுடையது அல்ல, அதைத் தாங்கி நிற்கும் எண்ணெயுடையது. தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. அதைச் செய்தவர்கள் எண்ணெய் நிறுவனமொன்றின் ஆய்வாளர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குளிரூட்டிய தொழிற்சாலையில் நாள் முழுதும் வேலை செய்து வறண்டுபோன கைகளுக்கு மென்மை தருவதும் அதே எண்ணெய்தான். மல்லிகை முடியை வளர்க்கும், தழும்பை அழிக்கும் என்ற விளம்பர வாக்கியங்களுக்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் மணம் பிடித்திருந்தால் தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் விடாமல் தொடரும், அந்த லாபம் உண்மையானது.

நாட்டு வழக்கம் ஒன்றுக்கு மருத்துவமே துணை நின்றதும் உண்டு. குழந்தை இறந்தோ, வேறு காரணத்தாலோ பால் வற்ற வேண்டிய தாய்மாருக்கு மார்பில் மல்லிகைச் சரம் கட்டுவது தமிழ்க் குடும்பங்களில் பழைய கைவைத்தியம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைப் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் அளவை மாத்திரையே அதிகம் குறைத்தது. பால் குறைந்ததில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆய்வு பூவை வைத்து நடந்ததே தவிர எண்ணெயை வைத்து அல்ல. இருந்தாலும் பாலூட்டும் தாய்மார் மார்பருகில் மல்லிகை எண்ணெய் பூசாமல் இருப்பது நல்லது.

அடர்சாற்றை நேரடியாகத் தோலில் தடவக் கூடாது. மல்லிகை அப்சல்யூட் ஒவ்வாமை உண்டாக்கக் கூடியது. 1970களில் ஜப்பானில் முகப்பூச்சால் கன்னம் கருத்துப்போன பெண்களை ஆராய்ந்த தோல் மருத்துவர்கள் காரணங்களில் ஒன்றாக இதையும் கண்டார்கள். எளிதில் கருமை தட்டும் நம் தோலுக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும். 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு நான்கு சொட்டு போதும். முதலில் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ வந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்ட பிறகே பயன்படுத்தலாம், கைக்குழந்தைகளுக்கு வேண்டாம்.

வீட்டில் செய்வோருக்குச் செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு. மாலையில் விரியத் தொடங்கும் குண்டுமல்லியை ஈரம் போகத் துணியில் உலர்த்தி, நல்லெண்ணெயில் அமிழ்த்தி, மறுநாள் பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ போட வேண்டும். நாலைந்து முறை இப்படி மாற்றினால் மணம் ஏறும். பூவில் தண்ணீர் தங்கினால் எண்ணெய் சிக்குப் பிடிக்கும். வடிகட்டிய எண்ணெயை நிறக் கண்ணாடிப் பாட்டிலில் வெயில் படாத இடத்தில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.