மகளின் அறைக்கு என்ன நிறம்?

பெருநாளுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள். எல்லா அறைகளுக்கும் வழக்கமான வெளிர்மஞ்சள்தான் என்று வாப்பா முடிவெடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து, சாதாரண தரம் படிக்கும் மகள் மெல்ல வந்து, "என்ட அறைக்கு மட்டும் கடும் நீலம் அடிப்பமா உம்மா?" என்கிறாள். என்ன சொல்வீர்கள்?

"நாலு பேர் வந்து போற வீடு, அதெல்லாம் சரிவராது" என்று பேச்சை அங்கேயே முடித்துவிடுபவர்கள்தான் நம்மில் அதிகம். சற்று யோசியுங்கள், சகோதரிகளே! நமது கல்முனைக் கரையோர ஊர்களில் வீடு யாருக்கு? பெண் பிள்ளைக்கு. திருமணத்தோடு வீட்டை அவளுக்குக் கொடுப்பதும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பதும் நம் வழக்கம். அவளுக்காகவே கல்லும் சீமெந்தும் சேர்க்கிறோம். ஆனால் ஜன்னல் எந்தப் பக்கம் வரவேண்டும் என்றுகூட அவளைக் கேட்பதில்லை. வாப்பாவும் மேசனும் பேசி முடித்துவிடுகிறார்கள். தனக்கென்று கட்டப்படும் வீட்டில் ஒரு சுவரையாவது அவள் தெரிவு செய்யட்டுமே!

ஒரு சுவர் என்றுதான் சொல்கிறேன், நான்கும் அல்ல. கடும் நிறம் வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஒற்றை ஜன்னல் உள்ள சிறிய அறையில் நான்கு சுவருக்கும் அடித்தால், பகலிலேயே மின்விளக்குப் போட்டுத்தான் பிள்ளை படிக்க வேண்டிவரும்.

எந்தச் சுவர் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நமக்குக் கடல் கிழக்கே. வாடைக்காற்றோடு வரும் மாரி மழை வடக்கு, கிழக்கு வெளிச்சுவர்களில்தான் அறைகிறது. ஈரம் ஊறிய சுவரில் உப்புப் பூக்கும். கடல் மணல் கலந்த சாந்தென்றால் சொல்லவே வேண்டாம். வெளிறிய நிறத்தில் கண்ணுக்குப் படாத அந்த வெள்ளைப் பூப்பு, கடும் நீலத்தில் தேமல் போலத் தெரியும். மேற்குச் சுவரோ பின்னேர வெயிலில் சுடுவது. கிப்லாவும் ஏறக்குறைய அந்தப் பக்கந்தான். தொழுகையில் கண்ணை இழுக்காமல் அது வெறுமையாக இருப்பதே நல்லது. ஆகவே வெயிலும் மழையும் படாத, இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்கும் உட்சுவரைப் பாருங்கள். மேசையில் இருந்து படிக்கும்போது அது அவளுக்குப் பின்னால் இருந்தால் இன்னும் நல்லது.

நிறத்தைக் கடையில் கொடுக்கும் சிறு அட்டையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அட்டையில் சாந்தமாகத் தெரிவது சுவர் முழுவதும் ஏறும்போது இரண்டு மடங்கு கடுமையாக இருக்கும். நம்மூரில் இதைவிட நல்ல அட்டை இருக்கிறது: மருதமுனைக் கைத்தறிச் சேலை! சாயமிட்ட நூலில் நெய்தது. கடும் பச்சைக்குப் பக்கத்தில் எந்த மஞ்சள் பொருந்தும் என்பதை நெசவாளர்கள் நமக்கு முன்பே பார்த்து வைத்திருக்கிறார்கள். அலுமாரியிலிருந்து நாலு சேலையை எடுத்து மகள் முன் விரித்துப் போடுங்கள். பிடித்த நிறத்தில் சிறிய டின் ஒன்று வாங்கி, இரண்டடி மட்டையில் பூசி, காலையிலும் மஃரிபுக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் போகட்டும். பாதிப் பிள்ளைகள் அந்த வாரத்துக்குள் மனம் மாறிவிடுவார்கள். மாறாதவளுக்கு அதுதான் நிறம்.

பெருநாள் அவசரம் ஒன்று இருக்கிறதே! நோன்புப் பெருநாள் ஆண்டுக்குப் பதினொரு நாளளவு முன்னே நகர்கிறது. 2026க்கு மார்ச், 2028க்கு பெப்ரவரி இறுதி. அதாவது மாரி ஓய்ந்து சுவர் காயும் முன்பே பெருநாள் வந்துவிடுகிறது. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் இறுக ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உட்புறம் நீர் துளிர்த்திருந்தால், மற்ற வேலைகளை முடித்துக்கொண்டு அந்தச் சுவரை மட்டும் சித்திரை வெயிலுக்கு விட்டுவையுங்கள். புதிதாகப் பூசிய சுவரென்றால் எப்படியும் ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். சாந்தின் காரம் சில நிறங்களை அரித்து வெளுக்கச் செய்யும். காவி அதற்கு அசையாது, வெயிலிலும் மங்காது.

பன்னிரண்டுக்குப் பத்தடிச் சுவருக்கு இரண்டு தடவை பூச ஏறக்குறைய இரண்டு லீற்றர் எமல்ஷன் போதும். சிவப்பு, மஞ்சள் போன்றவை அடியிலுள்ளதை எளிதில் மறைக்காதவை; மூன்றாவது பூச்சும் தேவைப்படலாம் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கதவு, ஜன்னல்களைச் சுரண்டும்போது மட்டும் கவனம். முன்பெல்லாம் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு எனாமல்களில் ஈயம் சேர்ப்பார்கள். நம் நாட்டில் அதற்குச் சட்ட வரம்பு 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயின்டை உலர்ந்தபடி தேய்க்காமல், நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் அன்று மூத்தம்மா வீட்டில் இருக்கட்டும்.

மிஞ்சிய பெயின்டை இறுக மூடி, நிறத்தின் இலக்கத்தை மூடியில் மகளையே எழுதச் சொல்லுங்கள். அடுத்த மாரி முடிந்ததும் ஏதாவது ஒரு மூலைக்கு அது கட்டாயம் தேவைப்படும்.