துப்பாக்கிக்கு ஓர் ஊன்றுகோல்

மனித உடம்பு ஒரு க்ஷணமேனும் அசைவற்று நிற்பதில்லை என்ற உண்மையை, நாலு கிலோ எடையுள்ள ரைபிளைத் தோளில் சார்த்தி, தொலைவில் மேயும் ஒரு பிராணியின் மீது குறிவைத்துப் பார்க்கும் வரையில் எவரும் முழுமையாக உணர்வதில்லை. சுவாசம் மார்பை ஏற்றி இறக்குகிறது; இருதயத்தின் துடிப்பு கை நரம்புகளின் வழியே துப்பாக்கிக் கட்டைக்குப் பரவுகிறது; பாரத்தைத் தாங்கிய இடக்கையோ சில விநாடிகளுக்குள் களைத்து நடுங்கத் தொடங்குகிறது. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள குழலின் வாய் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகிவிட்டால், 100 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறத்தாழ 17 சென்டிமீட்டரும், 200 மீட்டர் தூரத்தில் 33 சென்டிமீட்டரும் தள்ளிப் போய்ப் பாய்கிறது. மானின் இருதயமும் நுரையீரலும் அடங்கிய மார்புப் பகுதியோ ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு மேல் இல்லை.

அந்த அகலத்துக்குள் குண்டு பாய்ந்தால் பிராணி சில விநாடிகளில் உயிர் நீங்கி விழும். அதைத் தவறி வயிற்றிலோ காலிலோ பாய்ந்தால், அது புதருக்குள் ஓடி மறைந்து, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், வேதனைப்பட்டே மடியும். வேட்டை தர்மமா அதர்மமா என்ற விவாதம் என்றைக்கும் இருந்து வருவது. ஆயினும் வேட்டையாடுவது என்று ஒருவன் தீர்மானித்த பிறகு, தன் கையின் நடுக்கத்துக்கு உரிய தண்டனையை அந்த ஜீவன் அநுபவிக்காதபடி பார்த்துக்கொள்வது அவனுடைய முதற்கடமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்கும் கோல்கள் இந்தக் கடமையிலிருந்தே தம் மதிப்பைப் பெறுகின்றன.

இவ்விதக் கோலை அன்றாடம் பிரயோகிக்கும் பிரதேசம் தென்னாப்பிரிக்கா, நமீபியா, தான்ஸானியா முதலிய நாடுகளின் புல்வெளிக் காடுகளே. அங்கே புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும். முட்புதர்கள் இடையிடையே மறைக்கும். தரையில் படுத்துச் சுடுவதுதான் கை அசையாதிருக்க உத்தமமான வழி என்று எல்லாப் பயிற்சி நூல்களும் சொன்னாலும், அங்கே படுத்தவன் கண்ணுக்குப் புல்லின் தண்டுகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே நின்றபடியேதான் சுட வேண்டும். இதற்காக ஏறக்குறைய ஆள் உயரமுள்ள மூன்று மெல்லிய கழிகளை, மேல் நுனிக்குச் சற்றுக் கீழே, பெரும்பாலும் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டையால் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். வழிகாட்டியாக வரும் தொழில்முறை வேட்டைக்காரரோ, அடிச்சுவடு பார்த்து முன்செல்பவரோ அதை மடக்கியபடி தூக்கி நடப்பார். குடு என்னும் பெரிய மான் கண்ணில் பட்டதும், சத்தம் எழாமல் கழிகளை விரித்து, ஒரு காலை மானின் திசைக்கும் மற்ற இரண்டையும் சுடுபவரின் பக்கத்துக்குமாக ஊன்றி விலகிக்கொள்வார். கழிகளின் மேல் நுனிகள் சேர்ந்து உண்டாக்கும் கவையில் ரைபிளை வைத்துக் குறிபார்க்க, அந்த மான் கொடுக்கும் அவகாசம் சில விநாடிகளே.

இந்தச் சில விநாடிகளில் கவனிக்க வேண்டிய நுட்பங்கள் உண்டு. குழலைக் கோலின் மேல் நேராக வைக்கலாகாது. வெடிக்கும்போது குழல் அதிர்கிறது, அந்த அதிர்வைக் கடினமான பொருள் ஒன்று தடுக்குமாயின் குண்டு வழக்கமான இடத்தை விட்டு விலகிப் பாயும். கோலில் அமர வேண்டியது குழலுக்குக் கீழுள்ள முன்கட்டை; அதையும் கவையையும் இடக்கையால் சேர்த்துப் பற்றிக்கொண்டால் கையே மெத்தையாக அமைந்துவிடும். முன்பாகம் இவ்வாறு நிலைத்த பின்னும் வலது முழங்கை அந்தரத்தில் தொங்குவதால், துப்பாக்கியின் பின்பாகம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். இதை நீக்கவே, முன்னும் பின்னும் இரண்டு இடங்களில் தாங்கும் நான்கு கால் கோல்களைப் பிரிட்டனில் மான் வேட்டையாடுவோர் பலர் விரும்புகிறார்கள். தோட்டத்துச் செடிகளுக்கு ஊன்றும் கம்பிகளைக் கொண்டு வீட்டிலேயே அவற்றைச் செய்துகொள்பவர்களும் உண்டு. அவை தரும் உறுதி விசேஷமானது. ஆனால் விரித்து ஊன்ற நேரம் சற்று அதிகம் பிடிக்கிறது. முன்கட்டையிலேயே பொருத்தி மடக்கிவைக்கும் இருகால் தாங்கியோ, மலைச்சரிவிலும் திறந்த வெளியிலும் படுத்துச் சுடுபவனுக்கு நல்ல துணை. உயர்ந்த புல்லில் அதற்கு வேலையில்லை.

இந்த யுக்தி துப்பாக்கியைப் போலவே பழையது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பிய மஸ்கெட் துப்பாக்கி ஏழெட்டுக் கிலோ எடை கொண்டதாகையால், அதை ஏந்திய சிப்பாய் கவை முளைத்த கோல் ஒன்றையும் கூடவே சுமந்தான். டச்சு ஓவியர் ஜேகப் டி கெய்ன் 1607-இல் வெளியிட்ட படைப்பயிற்சிச் சித்திரநூலில் அந்தக் கோலைக் கையாளும் விதம் படிப்படியாக வரையப்பட்டிருக்கிறது. திபெத்தின் திரித் துப்பாக்கிகளிலோ கவை தனிக்கோலாக இராமல் துப்பாக்கியோடே இணைந்திருந்தது; மரத்தாலான அதன் இரு முனைகளுக்குக் கொம்பினால் பூண் இட்டிருந்தார்கள். மரங்களற்ற அந்தப் பீடபூமியில் சாய்ந்துகொள்ளவும் ஒன்றும் இல்லாத வேடன் தன் மரத்தைத் தானே சுமந்து சென்றான் என்று சொல்லலாம்.

ஆனால் ஜீவகாருண்யத்துக்குத் துணைநிற்கும் இதே சாதனம் அளவற்ற நாசத்துக்கும் துணைநின்றது என்பதை மறைக்கலாகாது. 1870-களில் அமெரிக்கச் சமவெளிகளில், காட்டெருமைத் தோலை ஆலைகளுக்குப் பயன்படும் தோலாகப் பதனிடும் வழி கண்டுபிடிக்கப்பட்டதும், தோல் வேட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் புறப்பட்டார்கள். அவர்களுடைய ஷார்ப்ஸ் ரைபிள்களில் பல ஐந்து கிலோவுக்கும் மேலான பாரம் உடையவை. இரண்டு குச்சிகளைக் குறுக்காகச் சேர்த்துக் கட்டிய கவையை நிலத்தில் ஊன்றி, காற்று மந்தையின் பக்கமிருந்து தம்மேல் வீசும்படியான இடத்தில் அமர்ந்து, மந்தையை நடத்திச் செல்லும் பசுவை முதலில் வீழ்த்துவார்கள். வழிகாட்டியை இழந்த மற்றவை ஓடத் தோன்றாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வர, அமர்ந்த இடத்திலிருந்தே ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டுத் தள்ளினார்கள். கை நடுங்காத மனிதர்கள் அவர்கள், குண்டுகளும் வீணாகவில்லை. கோடிக்கணக்கில் திரிந்த அந்த ஜீவராசி, ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் வில்லியம் ஹார்னடே 1889-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்துவிட்டது. கோல் கையை நிறுத்தும். ஆசையை நிறுத்துவதற்குச் சட்டம் தேவைப்படுகிறது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனஜீவிப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பணியைச் செய்கிறது என்பது எனக்கு மிகுந்த திருப்தி தரும் விஷயம்.

வேட்டைக்கு அநுமதியுள்ள ஆப்பிரிக்க நாடுகளிலும் வேறொரு கடிவாளம் உண்டு. பிராணியின் உடம்பிலிருந்து இரத்தம் சிந்திவிட்டால், அது அகப்பட்டாலும் தப்பினாலும், அதற்குரிய முழுக் கட்டணத்தையும் செலுத்த வேண்டும் என்பது அங்குள்ள வேட்டை முகாம்களின் பொதுவான வழக்கம். அதனால்தான் அநுபவமுள்ள வழிகாட்டிகள், வந்து சேர்ந்த விருந்தாளியை மணல்மூட்டை அடுக்கிய மேஜைமேல் ரைபிளை வைத்துச் சுடச் சொல்வதோடு நிற்பதில்லை. மூன்று கால் கோலை விரித்துக் கொடுத்து, நின்றபடி இலக்கில் சுடச் சொல்லியும் பார்க்கிறார்கள். மேஜையின்மேல் ஒரே துளையில் குண்டுகளைச் செலுத்தியவர்கள் கோலின்மேல் இலக்கையே தவறவிடுவது அபூர்வமன்று. இதை அறிந்த புத்திசாலிகள், புறப்படுவதற்கு மாதக்கணக்கில் முன்னதாகவே வீட்டில் கோல் ஒன்றைச் செய்துவைத்துக்கொண்டு, தோட்டா இல்லாத வெறும் துப்பாக்கியால் தினந்தோறும் கோலை விரிப்பதும், முன்கட்டையைக் கவையில் சேர்ப்பதும், மூச்சைப் பாதி வெளியிட்டு நிறுத்தி விசையை மெல்ல அழுத்துவதுமாக, கையும் கண்ணும் தாமாகவே அதைச் செய்யும் வரையில் பழகுகிறார்கள்.